பள்ளித் தோட்டத்திற்குத் தண்ணீர் சுமப்பது யார்?

அரசுத் தொடக்கப்பள்ளியின் பின்புறம் நான்கு பாத்தி கீரை, ஒரு முருங்கை, வேலியோரம் படரும் அவரைக் கொடி. குழந்தைகள் விதைக்கிறார்கள், களை எடுக்கிறார்கள், பறித்ததைச் சமையற்கூடத்தில் சேர்க்கிறார்கள். சில பள்ளிகளில் ஆசிரியர்களோடு சேர்ந்து எளிய உணவுகளைச் செய்தும் பார்க்கிறார்கள். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் புகைப்படத்தோடு வெளிவரும் இச்செய்தியில் அரசியல் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தத் தோட்டத்திற்குத் தண்ணீர் சுமந்த குழந்தை யார்? எருவை அள்ளிய குழந்தை யார்? அந்தக் கீரையைச் சமைத்தவர் யார், அதை உண்ண மறுத்துத் தூக்குவாளியில் வீட்டுச் சோறு கொண்டுவந்த குழந்தை யார்? புகைப்படம் இவற்றைச் சொல்வதில்லை.

பள்ளித் தோட்டம் இன்று ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட ஆர்வம் மட்டும் அன்று. அது அரசின் கொள்கை. 2019 அக்டோபரில் ஒன்றிய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2021 செப்டம்பரில் மதிய உணவுத் திட்டம் ‘பிரதம மந்திரி போஷண்’ எனப் பெயர் மாற்றப்பட்டபோது, தோட்டம் அத்திட்டத்தின் அங்கமாகவே முன்வைக்கப்பட்டது. கிராம அளவிலிருந்து தேசிய அளவு வரை சமையல் போட்டிகளும் அதே அறிவிப்பில் இடம்பெற்றன. குழந்தைகளுக்கு இயற்கையோடும் மண்ணோடும் நேரடி அனுபவம் கிடைக்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் நோக்கம். நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. மண்ணோடு நேரடி அனுபவம் இல்லாத குழந்தைகள் யார், அது மிதமிஞ்சி இருக்கும் குழந்தைகள் யார் என்பதைத்தான் கொள்கை வகுத்தவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்திலுள்ள பாப்பாரப்பட்டியை எடுத்துக்கொள்வோம். பள்ளித் தோட்டத்திற்கு மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை எனலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இங்கேதான் இயங்குகிறது. விதைக்கும் நாற்றுக்கும் ஆலோசனைக்கும் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை, புளி என வறண்ட நிலத்தின் விளைச்சல் மரபு சுற்றிலும் இருக்கிறது. இந்த ஊரைத் தமிழக வரைபடத்தில் நினைவூட்டுபவர் சுப்பிரமணிய சிவா. தொழுநோயோடு இங்கே தங்கி, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பும் கனவோடு 1925 சூலை 23 அன்று மறைந்தார். அக்கோயிலுக்கு 1923இல் அடிக்கல் நாட்டியவர் சித்தரஞ்சன் தாஸ். அரசு எழுப்பிய பாரத மாதா நினைவாலயத்தின் பூட்டை 2022 ஆகஸ்டில் ஓர் அரசியல் கட்சியினர் உடைத்தபோது, மாநிலம் முழுவதும் அதுவே விவாதமாயிற்று. தேசத்தாயைக் காணப் பூட்டை உடைப்பவர்கள், அந்தத் தாயின் பிள்ளைகள் ஒரே பந்தியில் உண்கிறார்களா என்று பார்க்க எந்தப் பள்ளிக்கும் போவதில்லை.

இது எந்த மாவட்டம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1992 சூன் 20 அன்று வாச்சாத்தியில் பழங்குடி மக்கள் மீது வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நடத்திய கொடுமைக்குத் தண்டனை வழங்க 2011 வரை ஆயிற்று. அதைச் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 2023 ஆயிற்று. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய சேரிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் இப்போது உயர்நிலை வகுப்புகளில் படிக்கிறார்கள். அவர்களின் தம்பி தங்கைகள்தாம் இன்று தொடக்கப்பள்ளியில் கீரைப் பாத்திக்கு அருகே நிற்பவர்கள். இத்தகைய மாவட்டத்தில் ‘ஒன்றாக விதைப்போம், ஒன்றாக உண்போம்’ என்பதைச் சுவரில் எழுதிவைப்பது எளிது. அது நடக்கிறதா என்று கணக்குப் பார்ப்பதற்கு இதுவரை எவரும் ஏற்பாடு செய்யவில்லை.

பள்ளியில் கைத்தொழில் என்றதும் தலித் இயக்கங்களுக்கு இயல்பாக எழும் ஐயம் வெறும் மிகையுணர்ச்சி அன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கர்னல் ஆல்காட் சென்னையில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிகள் நம் வரலாற்றில் மதிக்கத்தக்க இடம் பெற்றவை. பண்டிதர் அயோத்திதாசரின் முயற்சியோடு தொடர்புடையவை. ஆனால் அப்பள்ளிகளின் இலக்கு குறுகியது. எழுதப் படிக்கத் தெரிந்த, திறமையான வேலைக்காரர்களாக அக்குழந்தைகள் ஆனால் போதும் என்பதே ஆல்காட்டின் எண்ணம். அவர்கள் உயர்கல்வி பெற்று உயர்பதவிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய திட்டத்தில் இல்லை. 1937இல் வார்தாவில் காந்தியார் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே கல்வியின் நடுவில் வைத்தது. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் அதை இன்னும் நேராகச் சொன்னது: கிராமப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில். நகரப் பள்ளிகளுக்கு அத்திட்டம் இல்லை. தமிழ்நாடு அதற்குக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டுப் போராடியது. 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் அது கைவிடப்பட்டது.

அந்தத் திட்டத்தின் ஆதரவாளர்கள் அன்று சொன்ன காரணங்களை இன்று வாசித்தால் வியப்பாக இருக்கும். உழைப்பின் மாண்பு, கையும் மூளையும் இணைந்த கல்வி, கிராமத்தோடு தொடர்பு. பள்ளித் தோட்டத்திற்கு இன்று சொல்லப்படும் காரணங்களும் ஏறக்குறைய இவையே. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பத்து நாட்கள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பயில வேண்டும் என்கிறது. அதற்கு அது எடுத்துக்காட்டாகக் கூறும் தொழில்களில் தச்சர், குயவரோடு தோட்டக்காரரும் இருக்கிறார். மருத்துவரையோ வழக்கறிஞரையோ அந்தப் பட்டியலில் காணோம். ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் பதினெட்டு வயதிலேயே இளைஞர்களைக் குடும்பத் தொழிலுக்குள் தள்ளுகிறது என்று கூறித் தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்தது. குறைந்தபட்ச வயதை 35 ஆக்க வேண்டும் என்று கேட்டது. சரியான நிலைப்பாடு. ஆனால் பதினெட்டு வயதுக்குப் பொருந்தும் விழிப்பு எட்டு வயதுக்கும் பொருந்த வேண்டுமல்லவா?

இந்த விவாதம் நமக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தபின் கறுப்பின மக்களுக்கு எத்தகைய கல்வி என்ற கேள்வி எழுந்தபோது, டஸ்கீகியில் 1881இல் பள்ளி தொடங்கிய புக்கர் டி. வாஷிங்டன் வேளாண்மையும் கைத்தொழிலும் போதும் என்ற பாதையில் சென்றார். டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் 1903இல் வெளியிட்ட தம் நூலில் அதைக் கடுமையாக மறுத்தார். உயர்கல்வியைக் கைவிடுவது அரசியல் உரிமையையே கைவிடுவதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். நூறாண்டுக்குப் பின் அதே கேள்வி பள்ளித் தோட்டத்தின் உருவில் திரும்பியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், மார்ட்டின் லூதர் கிங் பெயர் தாங்கிய நடுநிலைப்பள்ளியில், ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற உணவக உரிமையாளர் 1995இல் ஒரு தோட்டத்தையும் சமையல் வகுப்பையும் தொடங்கினார். உலகெங்கும் பள்ளித் தோட்டம் பற்றிப் பேசுவோர் எடுத்துக்காட்டும் முன்மாதிரி அது. 2010இல் கெயிட்லின் ஃபிளானகன் ‘தி அட்லாண்டிக்’ இதழில் அதை மறுத்து எழுதினார். புலம்பெயர்ந்த பண்ணைக் கூலி ஒருவர், தம் பிள்ளையாவது வயலில் குனியக் கூடாது என்று பள்ளிக்கு அனுப்ப, பள்ளியோ அப்பிள்ளையைக் கீரை பறிக்க வயலுக்கே அனுப்புகிறது என்பது அவர் முன்வைத்த காட்சி. அவருடைய மற்றக் கருத்துகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த ஒரு காட்சியைத் தருமபுரியில் வாழும் எவராலும் ஒதுக்கித் தள்ள முடியாது.

காரணம், இன்று அரசுத் தொடக்கப்பள்ளியில் படிப்பவர்கள் யார் என்பதுதான். ஓரளவு வசதி வந்த ஆதிக்க சாதிக் குடும்பங்கள் மஞ்சள் நிறப் பேருந்துகளில் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டன. எஞ்சியிருப்பவர்களில் தலித், பழங்குடிக் குழந்தைகளும் மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளின் ஏழைக் குழந்தைகளும் அதிகம். தனியார் பள்ளியில் கணினி நிரல் சொல்லித்தரும் நேரத்தில் அரசுப் பள்ளியில் களைக்கொத்து தரப்பட்டால், குலக்கல்வி சட்டமில்லாமலே நிறைவேறிவிடும். கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாட்கள், 800 கற்பித்தல் மணிநேரம் என்று வரையறுக்கிறது. தோட்டத்தில் செலவாகும் நேரம் இந்த 800 மணியில் கற்பித்தலாகக் கணக்கு வைக்கப்படுகிறதா, கணிதத்தையும் அறிவியலையும் மொழியையும் அது உண்மையில் கற்பிக்கிறதா என்பது கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி இன்னும் கசப்பானது. பள்ளியில் ‘வேலை’ என்று ஒன்று வந்தால் அது எந்தப் பிள்ளைகள் மீது விழும் என்பது நமக்குத் தெரிந்ததே. 2022இல் ஈரோடு மாவட்டம் பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் மாணவர்கள் மட்டும் கழிப்பறை கழுவ வைக்கப்பட்டது, அவர்களில் ஒரு சிறுவன் டெங்குக் காய்ச்சலில் படுத்த பிறகே வெளியே தெரிந்தது, தலைமையாசிரியர் கைதுசெய்யப்பட்டார். 2025 சனவரியில் இதே தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோடு அருகே பெருங்காடு தொடக்கப்பள்ளியில் பழங்குடிக் குழந்தைகள் கழிப்பறையைத் தூய்மை செய்யும் காணொலி பரவியது; தலைமையாசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கழிப்பறை என்றால் கொதிப்போம், வழக்குப் போடுவோம், பணியிடை நீக்கம் நடக்கும். தோட்டம் என்றால் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயர் அதை மூடிவிடும். எரு அள்ளுவதற்கும் குடம் சுமப்பதற்கும் மீண்டும் மீண்டும் அதே நான்கு பிள்ளைகள் எழுப்பப்பட்டால், சாதிப் பெயரை எவரும் உச்சரிக்காமலே சாதி கற்பிக்கப்படுகிறது. ‘இவன் நல்லா வேலை செய்வான் சார்’ என்ற பாராட்டை அத்தகைய வகுப்பறைகளில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அப்படியானால் பள்ளித் தோட்டமே வேண்டாம் என்பதா நம் நிலைப்பாடு? இல்லை. இந்த இடத்தில்தான் நம் தோழர்கள் சிலரோடு நான் வேறுபடுகிறேன்.

தமிழ்நாட்டில் கல்வி பரவியதில் சோற்றுக்குப் பெரும் பங்குண்டு. 1920இல் நீதிக்கட்சியின் ஆளுகையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்க்கு உணவளிக்கத் தொடங்கியது. காமராசரின் மதிய உணவு 1956இல் வந்தது. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 சூலையில் தொடங்கியது; கலைஞர் ஆட்சியில் 1989இல் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. பசியை வென்ற இந்த வரலாற்றில், சமைத்தவரின் சாதியைச் சமூகம் வென்றதா என்றால் விடை வேறு. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை மூடவைத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடமாற்றம் செய்ததுதான். எதிர்ப்புக்குப் பின்னரே அது திரும்பப் பெறப்பட்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. காலை உணவு மாநிலம் முழுவதும் வந்த அடுத்த மாதமே, 2023 செப்டம்பரில், கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும் அதே மறுப்பு. கரூரில் மாவட்ட ஆட்சியரே நேரில் சென்று அவர் சமைத்ததை உண்டார். உசிலம்பட்டியில் அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் குழந்தைகளோடு அமர்ந்து உண்டார்கள். நல்லது. ஆட்சியர் வராத நாட்களில் யார் உண்டார்கள் என்பதே நம் கேள்வி.

ஆகவே சமையலும் உணவும் பள்ளியில் பாடமாக வேண்டும் என்பதை நாம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தீண்டாமை இந்நாட்டில் அடுப்பிலும் தண்ணீர்ப் பானையிலும்தான் தினந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. புரட்சியாளர் அம்பேத்கர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது பானையைத் தொடவும் அவருக்கு உரிமை இல்லை. கடைநிலை ஊழியர் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். அந்தப் பானையைச் சுற்றியே ஒரு பள்ளி தன் பாடத்தை அமைத்தால், அதில் எல்லாப் பிள்ளைகளும் நீர் மொண்டு, எல்லாருக்கும் ஊற்றினால், குடிமையியல் பாடநூலின் முப்பது பக்கங்கள் செய்யாததை அது செய்யும். ஒரு தலித் சிறுமி பிசைந்த களி உருண்டையை மற்றொரு சாதிச் சிறுவன் எட்டு வயதில் உண்டு பழகிவிட்டால், அவனுடைய தந்தை பள்ளி வாசலில் வந்து நின்று மிரட்டுவது கடினமாகும். மறுப்பவர்களுக்கும் இது தெரியும். திருமலைக்கவுண்டன்பாளையத்தில் பள்ளியை மூடவைத்தவர்கள் அஞ்சியது ஒரு வேளைச் சோற்றுக்காக அன்று.

அமெரிக்கக் கறுப்பின இயக்கத்திலும் டு போய்ஸின் மறுப்போடு கதை முடியவில்லை. மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றதற்காக 1962இல் பண்ணையிலிருந்து விரட்டப்பட்ட ஃபேனி லூ ஹேமர், 1969இல் தம் மக்களுக்கென ‘விடுதலைப் பண்ணை’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார். நாற்பது ஏக்கரில் தொடங்கிய அது காய்கறி பயிரிட்டது, பன்றிக் குட்டிகளை ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கியது. தன் உணவைத் தானே விளைவிக்கும் குடும்பத்தை, பட்டினி காட்டி எவரும் பணியவைக்க முடியாது என்பது அவர் கணக்கு. அதே ஆண்டு சனவரியில் கருஞ்சிறுத்தைகள் ஓக்லாந்தில் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு வழங்கத் தொடங்கினார்கள். மண்வெட்டி அதேதான், நிலம் யாருடையது, விளைச்சல் யாருக்கு, வேலையைப் பங்கிட்டது யார் என்பவற்றில்தான் பண்ணையடிமைக்கும் விடுதலைக்குமான வேறுபாடு இருக்கிறது. நம் நாட்டிலும் பஞ்சமி நிலத்திற்கான போராட்டம் 1892ஆம் ஆண்டின் அரசாணையிலிருந்து தொடங்குகிறது. நிலத்தில் உழைப்பதை இழிவாகக் கருதி நாம் அப்போராட்டத்தை நடத்தவில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நினைப்பதைவிட அதிகமாகவே சொல்கிறது. பியுசிஎல் தொடுத்த உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம் சமைத்த மதிய உணவை எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கியது. அதே வழக்கில் 2004 ஏப்ரல் 20 ஆணை, சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து, அதே பள்ளியில் குழந்தை படிக்கும் தாய்மார்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பல ஊர்களில் குழுக்களே சாதிவாரியாக, தெருவாரியாகப் பிரிந்துகிடக்கின்றன. எந்தக் குழுவிலிருந்து எடுப்பது என்ற முடிவிலேயே சாதி தன் வேலையை முடித்துவிடலாம். மறுப்பும் எழாது, செய்தியும் வராது. 2004 ஆணையின் முன்னுரிமை இந்தத் தேர்வில் பின்பற்றப்படுகிறதா என்பதை மாவட்ட வாரியாகக் கேட்க வேண்டும்.

ஒரு தலித் சமையலரைப் பணி செய்யவிடாமல் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவில் குற்றம். ஊர் கூடி ஒதுக்கிவைப்பது 3(1)(zc) பிரிவில் குற்றம். கட்டாய உழைப்புக்கு 3(1)(h) இருக்கிறது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவு, அவர் தாமே பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இல்லாதபட்சத்தில். கல்வி உரிமைச் சட்டத்தின் 8, 9ஆம் பிரிவுகள், பின்தங்கிய பிரிவுக் குழந்தைகள் எந்த வகையிலும் பாகுபடுத்தப்படாமல் பார்த்துக்கொள்வதை அரசின், உள்ளாட்சியின் கடமையாக்குகின்றன. ஆனால் நடைமுறையில் ஓர் இடைவெளி உண்டு. ஒரு தகப்பன் தன் பிள்ளையிடம் ‘அங்கே சாப்பிடாதே’ என்று வீட்டுக்குள் சொல்வதை எந்தப் பிரிவும் தொடாது. ‘பிள்ளைக்கு வயிற்றுக் கோளாறு’ என்று எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்கிறார். கும்பலாக வந்து பூட்டுப் போட்டால்தான் சட்டம் விழிக்கிறது. இந்த இடைவெளியில்தான் கல்வி வேலை செய்ய வேண்டியிருக்கிறது, தோட்டமும் சமையல் பாடமும் அதற்கான கருவியாக முடியும்.

இங்கே நீதிபதி கே. சந்துரு குழுவின் ஒரு பரிந்துரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட அக்குழு, 2024 சூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குவது, கைகளில் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்வது முதலிய பல பரிந்துரைகள் உடனே நிறைவேற்றத் தக்கவை. அரசு தயங்கியது வருந்தத்தக்கது. ஆனால் பள்ளி உணவை ஒன்றிய அளவில் ஒரு பொதுச் சமையற்கூடத்தில் சமைத்து வழங்கலாம் என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. சமைத்தவர் யாரென்று தெரியாவிட்டால் மறுப்பும் எழாது என்பது அதன் தருக்கம். தலித் பெண்ணின் முகத்தை மறைத்துவிட்டுத் தீண்டாமையை ஒழித்ததாகக் கணக்குக் காட்டுவதில்தான் அது போய் முடியும். உத்தராகண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்தின் சுக்கிதாங் பள்ளியில் 2021 டிசம்பரில் ஆதிக்க சாதி மாணவர்கள் தலித் சமையலர் சமைத்ததை மறுத்தார்கள். அவர் நீக்கப்பட்டதும் தலித் மாணவர்கள் புதிய சமையலரின் உணவை மறுத்தார்கள். அரசு பணிந்து பழைய சமையலரையே மீண்டும் அமர்த்தியது. அந்த மாணவர்களுக்கு அவர் யாரென்று தெரிந்திருந்தது; அவருக்காக நிற்கவும் முடிந்தது. ஒன்றியத் தலைநகரிலிருந்து வண்டியில் வரும் அண்டாவுக்காக எவரும் நிற்க மாட்டார்கள். பொதுச் சமையற்கூடம் நாளை யார் கைக்குப் போகும் என்ற அச்சமும் இருக்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவை அட்சய பாத்திரம் அமைப்பிடம் ஒப்படைக்க 2020இல் முயன்றபோது, வெங்காயமும் பூண்டும் இல்லாத அவர்களின் உணவு முறை எழுப்பிய எதிர்ப்பை நாம் மறந்துவிடக் கூடாது.

எனவே பாப்பாரப்பட்டியிலோ பாலக்கோட்டிலோ ஒரு பள்ளித் தோட்டம் இருந்தால், நாம் கேட்க வேண்டியது முதலில் முறைப்பட்டியல். சப்பான் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் மதிய உணவைக் குழந்தைகளே முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். வெள்ளை மேலாடை அணிந்து, இந்த வாரம் ஐவர், அடுத்த வாரம் வேறு ஐவர். ஆசிரியரும் அதே உணவை அவர்களோடு உண்கிறார். 2005இல் உணவுக் கல்விக்கென்றே அங்கே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முறைவைத்தல் என்ற எளிய ஏற்பாட்டை. தண்ணீர், எரு, களை, பறிப்பு, அரிதல், பரிமாறல், பாத்திரம் கழுவுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் வரிசையில் வர வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் துடைப்பமும் ஆண் பிள்ளைகளுக்கு மண்வெட்டியும் என்ற பிரிவினையும் கூடாது. ஆசிரியரின் பெயரும் அப்பட்டியலில் இருக்க வேண்டும். கரும்பலகையில் எழுதி அழித்துவிடாமல் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

அடுத்து, யார் கற்பிப்பது என்பது. வேளாண் அறிவியல் நிலையத்தின் அலுவலர் வந்து பேசட்டும், தவறில்லை. ஆனால் பண்ணைக்கீரையையும் குப்பைக்கீரையையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியும், எந்த மழைக்குப் பின் எது முளைக்கும், எதை எத்தனை கொதி விட்டு இறக்க வேண்டும் என்று அறிந்த பெண்கள் சேரியில் இருக்கிறார்கள். அந்த அறிவு கூலி வேலையின் ஓரத்தில், வரப்பில் குனிந்து சேர்த்தது, வறுமை கற்பித்தது. அவர்களை மதிப்பூதியம் கொடுத்து, நாற்காலி போட்டு, ‘ஆசிரியர்’ என்று அறிமுகப்படுத்தி வகுப்பெடுக்கச் சொல்ல வேண்டும். தன் அம்மாவைத் தலைமையாசிரியர் ‘வாங்கம்மா, உட்காருங்கள்’ என்று அழைப்பதை ஒரு தலித் குழந்தை பார்க்கும் நாள், அப்பள்ளியில் எத்தனை நாட்களாக வரவில்லை என்று எண்ணிப் பாருங்கள். சமையல் பாடமும் சாம்பாரோடு நின்றுவிட வேண்டியதில்லை. நியாயவிலைக் கடைகளில் தருமபுரிக்கும் நீலகிரிக்கும் 2023 முதல் இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் அரசு, பள்ளியில் களி கிண்டக் கற்றுக்கொடுப்பதற்குத் தயங்கக் காரணமில்லை. கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசும்போது எந்தக் குழந்தையும் தலைகுனியாத வகுப்பறையே நல்ல சமையல் வகுப்பறை. மாட்டிறைச்சி உண்ணும் வீட்டுப் பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்பதை வைத்து அவ்வகுப்பை நான் மதிப்பிடுவேன்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பள்ளித் தோட்டத்திற்குக் குழாய் இழுக்கும் ஊராட்சி அல்லது பேரூராட்சி, அக்குழந்தைகளின் தெருவுக்கு இழுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாடா வெட்டும் விழாவுக்குப் போகலாம்.

இவற்றைக் கேட்பதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாசார இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்படும் நம் தாய்மார்கள், தோட்டத்தின் முறைப்பட்டியலையும் சமையலர் தேர்வையும் கூட்டப் பொருளாகச் சேர்க்கச் சொல்லலாம்; தீர்மானமாக எழுதச் சொல்லலாம். மதிய உணவுத் திட்டத்திற்கு எல்லா மாவட்டங்களிலும் சமூகத் தணிக்கை கட்டாயம் என்று 2021இலேயே ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. தணிக்கைப் படிவத்தில் அரிசியின் எடையும் முட்டையின் எண்ணிக்கையும் கேட்கப்படும். யார் சமைத்தார், யார் உண்ணவில்லை, எந்தப் பிள்ளை எந்த வேலையைச் செய்தது என்ற பத்திகளைச் சேர்க்கச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடம் மனு அளிப்பது தருமபுரிக் கல்லூரி மாணவர்கள் இந்தப் பருவத்திலேயே செய்யக்கூடிய வேலை.

மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: வட்டாரத்திலுள்ள தொடக்கப்பள்ளிகளில் தோட்டம் உள்ளவை எத்தனை, அதற்கென ஒதுக்கிய பாடவேளைகள் எத்தனை, மாணவர் பணிகளுக்கான பதிவேடு உண்டா, உண்டெனில் கடந்த கல்வியாண்டின் நகல். காலை உணவுச் சமையலர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்பதைத் திட்டத்தை நடத்தும் அலுவலகத்திடம் தனி மனுவாகக் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்க்கு அதுவும் தேவையில்லை. பதிலளிக்க அவர்களுக்கு 30 நாட்கள் உண்டு. ‘பதிவேடு பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் வந்தாலும் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டிலும், தேவைப்பட்டால் நீதிமன்றத்திலும், அந்த ஒற்றை வரி பயன்படும்.